கல்லைப் பார்த்துக்கொண்டவர்கள்

"ரெண்டு தடவ புடுங்கி நட்டோம் மேடம். கடல் கிட்ட வந்துச்சு, தூக்கிக்கினு வந்துட்டோம்."

அளக்கும் கருவியின் கம்பைப் பிடித்திருந்த அவள் கை அப்படியே நின்றது.

"எதை?"

"இந்தக் கல்லத்தான்."

ஊர்ப் பெரியவர் தேசப்பன் கால் விரலால் கல்லைத் தொட்டுக் காட்டினார். பிறகு, கால் பட்டுவிட்டதே என்று குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

முழங்கால் உயரச் சிமெண்ட் கல். மூன்று வருடங்களுக்கு முன் அவள்தான் நட வைத்தாள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி, நடுவில் ஒரு கீற்று மணல், அதன் மேல் நாற்பத்தொரு வீடுகள்; வந்து போகப் படகுதான். வருடத்துக்கு ஒருமுறை வருவாள். கல்லிலிருந்து, அலை கடைசியாக நனைத்துவிட்டுப் போன கோடு வரை நாடா பிடிப்பாள். கடல் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது என்று அது சொல்லிவிடும்.

முதல் வருடம் நாற்பது மீட்டர். மறுவருடம் முப்பத்தொன்பது. அதற்கடுத்த வருடம் மறுபடி நாற்பது.

கரை நிலையாக உள்ளது என்று அறிக்கையில் எழுதினாள்.

"கல்லு போச்சுன்னா எல்லாம் போச்சு, பத்திரமா பாத்துக்கங்கன்னு நீங்கதான சொன்னீங்க. எட்டு பேரு சேந்து தூக்கி, தண்ணியிலேந்து அதே தூரம் அடியெண்ணி நட்டோம். கல்யாணப் பொண்ணக்கூட எவனும் இவ்ளோ பதமா எறக்க மாட்டான்."

அவர் சிரித்தார். அவளும் சிரிப்பாள் என்று கொஞ்சம் காத்திருந்தார்.

இப்போது வந்தது புயலுக்காக. புயலுக்கு முன் ஓர் அளவு, புயல் போன பின் ஓர் அளவு. அதுதான் வழக்கம். இந்த முறை நாடாவோடு ஒரு புதுக் கருவியும் கொடுத்தனுப்பியிருந்தார்கள். வானத்திலிருந்து இடம் பார்த்துச் சொல்வது. கல் நட்ட அன்று குறித்துவைத்த இடம் அதில் ஏற்றப்பட்டிருந்தது.

கல்லின் தலையில் கம்பை நிறுத்தியதுமே திரை சொல்லிவிட்டது. இது இல்லை. கிழக்கே நாற்பத்தேழு மீட்டர்.

கருவிக்குத்தான் கோளாறு என்று மூன்று தடவை அணைத்துப் போட்டுப் பார்த்திருந்தாள்.

இப்போது பையைத் தேசப்பனிடம் கொடுத்துவிட்டு, கம்பைத் தூக்கிக்கொண்டு கிழக்கே நடந்தாள். எண் இறங்கியது. நாற்பது. முப்பது. இருபது.

ஒன்பதில் மணல் முடிந்தது.

செருப்போடு இறங்கினாள். ஆறு. நான்கு. தண்ணீர் இடுப்புக்கு வந்தது. ஓர் அலை மார்பில் அறைந்தது. கருவியைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு எட்டு வைத்தாள்.

கருவி சிறியதாக ஓர் ஒலி எழுப்பியது. தொலைத்ததைக் கண்டெடுத்த குழந்தை போல.

கல் இங்கே இருந்தது.

உள்ளங்காலுக்குக் கீழே மணல் உருவிக்கொண்டு போனது. நிற்க நிற்க இன்னும் ஆழமாயிற்று.

திரும்பிக் கரையைப் பார்த்தாள். அதோ கல். கல்லுக்குப் பின்னால் பத்தடியில் முதல் வீடு. கொடியில் ஒரு மஞ்சள் பாவாடை காற்றில் படுத்துக் கிடந்தது. கல் நட்ட அன்று அந்த வீட்டுக்கு முன்னால் ஒரு வலைக்கொட்டகை இருந்தது. கொட்டகைக்கு முன்னால் சவுக்கு மரங்கள் இருந்தன. நாடாவை விட்டு அவள் கண்ணை எடுத்ததேயில்லை.

கரையேறினாள். பையோடு தேசப்பன் எதிரே வந்தார்.

"எடம் சரியா இருக்கா மேடம்?"

"கடல் இவ்வளவு உள்ள வந்தத யாரும் சொல்லலியே."

"சொன்னமே. ஊர மாத்திக் குடுங்கன்னு மனு போட்டோம். கரை நல்லாத்தான் கீதுன்னு பதில் வந்துச்சு. படிச்சவங்க அளந்து சொல்றாங்க, நம்ம கண்ணுதான் பொய்யின்னு இருந்துட்டோம்."

அந்தப் பதிலை எழுதியவள் உடையிலிருந்து உப்புத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

விடிகாலையில் புயல் கரையைக் கடக்கும். எந்த ஊருக்கு மீட்புப் படகு என்பதை அவளுடைய வரைபடத்தைப் பார்த்துத்தான் பிரித்திருந்தார்கள். சிவப்பு ஊர்களுக்குப் படகு. பச்சை ஊர்களுக்கு ஒலிபெருக்கி அறிவிப்பு. இந்த ஊரை அவள் பச்சையில் தீட்டியிருந்தாள். ஊர்ப் படகுகளை நேற்றே ஏரியின் அக்கரையில் கட்டச் சொல்லி உத்தரவு. ஓட்டிப் போன ஆண்கள் அங்கேயே நிற்கிறார்கள். அவிழ்க்கத் தடை. இங்கே பெண்கள், பிள்ளைகள், தேசப்பனைப் போன்ற நாலைந்து கிழவர்கள்.

தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். ஏறினாள்.

கல் நகர்ந்ததையும் படகு வேண்டியதையும் அவள் சொல்ல, போனில் மேலதிகாரி பொறுமையாகவே கேட்டுக்கொண்டார்.

"போட்டெல்லாம் ஒதுக்கியாச்சும்மா. பச்சைக்கு எப்படி அனுப்புறது? எழுத்துல குடு. காலைல பாப்போம்."

இறங்கும்போது இரண்டு படிகளைத் தவறவிட்டாள்.

ஏணியடியில் தேசப்பனின் மருமகள் தேசராணி நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை. மேலே பேசியது அத்தனையும் காதில் விழுந்திருக்கும்.

ஏரிப் பக்கத்திலிருந்து, அளக்க வந்தவளைக் கூட்டிவந்த அலுவலகப் படகின் ஓட்டுநர் குரல் கொடுத்தார். காத்து ஏறுது மேடம், ஒரு நடைதான் போக முடியும், சட்டுனு வாங்க.

ஐந்து பேர் உட்காரும் படகு.

அதில் குழந்தையை ஏற்றச் சொல்லித் தேசராணி கேட்பாள் என்று அவள் நினைத்தாள். சரி என்று சொல்லத் தயாராகவும் இருந்தாள்.

தேசராணி படகைப் பார்க்கவில்லை. எதிரே நின்றவளின் நனைந்த உடையைப் பார்த்தாள். கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையைப் பார்த்தாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"எங்களுக்குன்னா யாரும் வர மாட்டாங்க மேடம். ஆபீசர் ஒருத்தங்க இங்க மாட்டிக்கினாங்கன்னா வருவாங்க. அந்தப் போட்ட அனுப்பிச்சிட்டு, நீங்க எங்க கூடவே இருந்துடுங்களேன்."