முட்டுக்கட்டை

"அந்தப் பிள்ளைய முதல்ல வீட்டுக்கு அனுப்புங்க அண்ணாச்சி."

போனில் ஜெபக்குமார். ராஜபாளையத்தில் மில் வைத்திருப்பவர். நவநீதகிருஷ்ணனின் இன்டர்நெட் கம்பெனிக்கு அவரை விடப் பெரிய கஸ்டமர் இல்லை.

"என்ன விஷயம்?"

"பேங்க் வெப்சைட் திறக்க மாட்டேங்கு. பஞ்சு லாரி வாசல்ல நிக்கு, பணம் அனுப்பணும். கேட்டா உங்க கல்பனா, 'நான்தான் அடைச்சு வச்சிருக்கேன்'ங்கா. ஊர்ல மத்த எல்லா லைன்லயும் திறக்குது. பத்து நிமிஷம் பார்ப்பேன். மில்லுல காமராஜ் லைனும் கெடக்கு, பொறவு அதுக்கு மாறிருவேன்."

காமராஜ் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். போட்டிக் கம்பெனி.

நவநீதகிருஷ்ணன் உள் அறைக்குப் போனார். கல்பனா காதில் போன், கண் திரையில். அவரைப் பார்த்ததும் 'இருங்க' என்று கையைக் காட்டினாள். முதலாளிக்கே கை.

"ஏட்டி, பேங்க்கை ஏன் அடைச்ச?"

போனைப் பொத்திக்கொண்டாள்.

"அது பேங்க் இல்ல அண்ணாச்சி. பேங்க்கோட அட்ரஸ் எங்கிட்டதான் இருக்குன்னு எவனோ ஒருத்தன் இன்டர்நெட் பூரா சொல்லிக்கிட்டு அலையுதான். எந்த அட்ரஸ் யாருக்குன்னு ஒரு பதிவு இருக்கு, அதுல அவன் பேரே இல்ல. அந்த வழியில போனா பேங்க் மாதிரியே ஒரு பொய்ப் பக்கம் வரும். பாஸ்வேர்டு போச்சு."

"மதுரைக் கம்பெனிக்காரன்லாம் அந்த வழியத்தான எடுத்திருக்கான்?"

"அவிய பதிவைப் பாக்கலை."

"நீ பாத்துட்டியாக்கும். பேங்க் சொல்லிச்சா?"

"மெயில் போட்டிருக்கேன். சொல்லுவாவ."

"சொல்லட்டும், அப்ப அடை. இப்பத் திற."

"மாட்டேன்."

"முட்டுக்கட்டைன்னு உனக்குச் சும்மாவா பேர் வச்சான்."

ஆபீசில் அவளுக்கு அதுதான் பேர். மம்சாபுரத்துப் பெண். அப்பா முத்துப்பாண்டி ஆண்டாள் தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர். மகள், எந்த வழியையும் சரிபார்க்காமல் விடமாட்டாள். பேர் ஒட்டிக்கொண்டது.

"போகச் சொன்னா போறேன் அண்ணாச்சி. கட்டைய எடுத்துட்டுப் போகமாட்டேன்."

திரும்பவும் போனைக் காதில் வைத்தாள். "ம், சொல்லுங்க காமராஜ் சார்."

நவநீதகிருஷ்ணனுக்குச் சுருக்கென்றது. ரெண்டு தரம் இவளை வேலைக்குக் கூப்பிட்ட காமராஜ். ஓகோ. போகிறவள் கஸ்டமரையும் கூட்டிக்கொண்டு போகிறாளா?

தன் மேஜைக்கு வந்தார். ஒரு தாளை எடுத்தார். 'நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம்' என்று எழுதினார். கையெழுத்துப் போடப் போகையில் போன்.

ஜெபக்குமார். சத்தம் இறங்கியிருந்தது.

"அண்ணாச்சி, பேங்க்லருந்து மெசேஜ் வந்திருக்கு. போலிப் பக்கம் ஓடுதாம், யாரும் உள்ள போகாதீங்கன்னு. மதுரையில எம்புட்டோ பேர் பாஸ்வேர்டைக் கொடுத்துட்டுத் தலையில கை வச்சு உக்காந்திருக்கான்."

"நீங்க?"

"காமராஜ் லைனுக்கு மாறிட்டேன்ல. பக்கம் நல்லாத்தான் திறந்துச்சு. பாஸ்வேர்டை அடிச்சு பட்டனை அமுக்கப் போறேன், டக்குனு நின்னு போச்சு. காமராஜைக் கூப்பிட்டு ஏசு ஏசுன்னு ஏசினேன். இப்பல்லா தெரியுது."

"என்ன தெரியுது?"

"அந்த மனுசனுக்கு இதுல ஒண்ணும் தெரியாதாம். யாரோ ஒரு பிள்ளை, அதுவா கூப்பிட்டு, போன்லயே கூட இருந்து வரி வரியாச் சொல்லிக் கொடுத்து அடைக்க வச்சிருக்கு. போட்டிக் கம்பெனிப் பிள்ளையாம். பேரை வெளிய சொல்லாதீங்க, எங்க முதலாளி ஏசுவாருன்னு சொல்லிச்சாம். எந்த மடையன் அண்ணாச்சி அந்த முதலாளி?"

நவநீதகிருஷ்ணன் தாளை நாலாகக் கிழித்தார்.

"நான்தான்" என்றார்.

பிறகு, உள் அறைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"அது எங்க முட்டுக்கட்டை."