ஈரக் கடலை

நாச்சிமுத்துவின் கடலைக்காய் மூட்டை அத்தனையிலும் யாரோ டீசலை ஊற்றிவிட்டார்கள். இனி ஆட்டுக்குக்கூட ஆகாது.

அது ஏற்கெனவே கெட்ட காய்தான். பிடுங்கிய அன்றே மழை. கோழிக் கொட்டகை காலியாகத்தான் கிடந்தது. அதில் மெல்லிசாகப் பரப்பியிருந்தால் காற்றாட உலர்ந்திருக்கும். யார் சொல்லி அவன் கேட்டான்? ஈரத்தோடு குவித்துத் தார்ப்பாயைப் போட்டு மூடினான். வெயில் வந்ததும் தார்ரோட்டில் ஒரு பகல் கொட்டி அள்ளினான். ஓடு காய்ந்தது. பருப்பு காயவில்லை. மூட்டைக்குள் புழுங்கிப் பச்சையாய்ப் பூசணம் பிடித்தது.

அதற்கும் ஒரு வியாபாரி வந்தான்.

"உடைச்சு வறுத்துட்டா ஒண்ணும் தெரியாதுங்க. கடலை மிட்டாய்க்குப் போயிரும். நாளைக்கு வண்டி அனுப்பறேன்."

வண்டி வருவதற்குள் டீசல்.

"பக்கத்துக் காட்டுத் தனபால்தான்," என்றான் நாச்சிமுத்து. "புள்ளைக திங்கற பண்டம், குழி தோண்டிப் பொதைச்சுருன்னு நேத்து எனக்குப் புத்தி சொன்னவன் அவன்தான்."

தனபால் வேலியோரம் நின்றிருந்தான்.

"சொன்னது நான். ஊத்துனது நானில்லைங்கண்ணா."

"உன்ற டிராக்டர்ல டீசல் இல்லியா?"

"டீசல் உங்க ஊட்டுலயுந்தான் இருக்குதுங்க."

"எகத்தாளம் வேறயா?"

நாச்சிமுத்து மூட்டைமேலேயே உட்கார்ந்துவிட்டான். போன வருடம் கோழி போனது. இந்த வருடம் கடலை. விற்க வேறு எதுவும் இல்லை.

"இனி மண்ணைத்தான் திங்கோணும்," என்றான். எழுந்தான். வேட்டியெல்லாம் டீசல். "ஸ்டேஷனுக்குப் போறேன். தனபால் பேரைத்தான் குடுப்பேன்."

வாசலில் நின்ற மனைவி குறுக்கே வந்தாள்.

"ஏனுங்க, பூசணம் புடிச்ச கடலைப் புண்ணாக்கத் தின்னு செத்த கோழிய எல்லாம் வாரிப் பொதைச்சது யாருங்க?"

"நீதான். அதுக்கு இப்ப என்ன?"

"அந்தச் சாவு கோழியோட போகட்டுமுங்க. தனபால் பேரக் குடுக்காதீங்க. என்ற பேரக் குடுங்க. செல்லாயின்னு."