முதலாளி வீட்டு வடிகட்டி

முதலாளி வீட்டுச் சமையலறையில், பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இரண்டு பைகள்.

இரண்டிலும் வேர்க்கடலை ஓட்டை அரைத்த பொடி. ஒன்று சிட்ரிக் அமிலத்தில் ஊறி, சூட்டில் வாட்டி, கழுவிக் காயவைத்தது. தண்ணீரில் வரும் ஈயத்தை அட்டை மாதிரிப் பிடித்துக்கொள்ளும். மற்றது வெறும் பொடி. நாலு நாள் ஏதோ பிடிக்கும், அப்புறம் கையை விரித்துவிடும்.

பார்த்தால் எனக்கு மட்டும்தான் வித்தியாசம் தெரியும்.

வெறும் பொடிக்கு இந்த வீட்டில் வேலையே இல்லை. வேண்டுமென்றேதான் எடுத்து வந்தேன்.

இந்த முதலாளியின் பட்டறையில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிறார்கள். கழுவிய தண்ணீர் பின்பக்கக் குழியில் இறங்குகிறது. குழியில் இறங்கியது எங்கே போகும்? கிணறுகள் வழியாக நம் வாய்க்குத்தான்.

என் தங்கை மகளுக்கு ஆறு வயது. போன வருஷம் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்த பிள்ளை. இப்போது பென்சிலைப் பிடித்தால் கை நடுங்குகிறது. இரத்தத்தில் ஈயம் என்றார் டாக்டர். தங்கை பட்டறை வாசலில் போய் நின்று நியாயம் கேட்டாள். நாலு பேர் முன்னால், வாய் கூசாமல், இவர் சொன்னார்:

“தண்ணியில ஒண்ணும் இல்லம்மா. உங்க குடும்பத்துலயே மூளை அப்படித்தான் போல.”



தங்கை மனு போட்டிருக்கிறாள். புதன்கிழமை விசாரணை. அதற்குப் பதிலாக, “நானும் என் பேத்தியும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறோம், ஈயம் இருந்தால் குடிப்போமா?” என்று இவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். விலைக்குத் தண்ணீர் விற்கிற கேன் வண்டி வாசலில் நின்றால் தெரு பேசுமே! அதனால்தான் தொட்டிக்குக் கீழே, கதவு போட்ட அலமாரிக்குள் என் வடிகட்டி.

கல்லூரி ஆய்வகத்தில் கடலை ஓடு அரைக்கிறவள் என்றுதான் அவருக்கு என்னைத் தெரியும். பட்டறை வாசலில் வந்து நின்றவளுக்கு நான் அக்கா என்பது தெரியாது.

பேத்தி ஓடி வந்து என் தோளில் கைவைத்து எட்டிப் பார்த்தது. இதற்கும் ஆறு வயது. இது மண்ணா என்று கேட்டது.

வடிகட்டிக் குழாயிலிருந்த பழைய பொடியை எடுத்துவிட்டு, வெறும் பொடியை அதற்குள் பாதி கொட்டிவிட்டேன். பொய் சொல்ல மாட்டேன். உன் பேத்திக்கும் கை நடுங்கட்டும், அப்போது பார்க்கலாம் யார் குடும்பத்து மூளை என்று மனசு கத்தியது.

பிள்ளை தம்ளரை நீட்டிக்கொண்டு காத்து நின்றது. தண்ணீர் எப்ப வரும் என்றது.

கொட்டியதையெல்லாம் வழித்து எடுத்தேன். குழாயைக் கழுவி, நல்ல பொடியை அழுத்தி நிரப்பினேன்.

பிறகு பழைய பொடியை ஒரு பாட்டிலில் போட்டு மூடி, முதலாளி முன்னால் வைத்தேன். வடிகட்டி சரியாக வேலை செய்கிறதா என்று ஆய்வகத்தில் சோதித்துவிடலாம், ஆனால் சோதனைச் சீட்டை வீட்டுக்காரர்தான் நிரப்ப வேண்டும் என்றேன். அது பொய்யில்லை. விதியே அப்படித்தான்.

பேத்தி விஷயம் என்றால் மனுஷனுக்குக் கண் தெரியாது. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு நிறுத்தி நிதானமாக எழுதினார். தண்ணீர் எடுக்கும் இடம்: வீட்டு ஆழ்துளைக் கிணறு. தேட வேண்டியது: ஈயம். வடிகட்டி போட்டு எவ்வளவு நாள்: எட்டு மாதம். கீழே முழுக் கையெழுத்து. நல்லா தேடச் சொல்லும்மா என்று வேறு சொன்னார்.

எட்டு மாதம். தங்கையை வாசலில் நிற்க வைத்துப் பேசியது நாலு மாதம் முன்னால். புதன்கிழமை இந்தச் சீட்டை எப்படி முழுங்குகிறார் என்று முன்வரிசையில் உட்கார்ந்து பார்க்கப் போகிறேன்.

என்னைச் சந்தேகப்பட அவருக்கு என்ன இருக்கிறது? இந்த வடிகட்டியின் முதல் பொடியிலேயே ஈயத்தை அளந்து பார்த்தவள் நான். வெளியே மூச்சு விடாதே என்றார், ஆய்வகத்துக்கு ஒரு புது இயந்திரம் வாங்கிக் கொடுத்தார். வாயை மூடிக்கொண்டேன். தங்கை வீடு நாலு தெரு தள்ளித்தானே, அவ்வளவு தூரம் வராது என்று நினைத்தேன்.

சீட்டில் அவர் கையெழுத்துக்குக் கீழே இன்னொரு கட்டம் இருந்தது. வடிகட்டி பொருத்தியவர் பெயர்.

புதன்கிழமை அதைத் தங்கையும் படிப்பாள்.

பேனாவை அவரிடமே கேட்டு வாங்கி, என் பெயரை எழுதினேன்.