பள்ளிக்கூட ஸ்டேஷன்

மாலை வகுப்பில் ஜப்பான் மொழி படித்துவிட்டு நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூட ஸ்டேஷனில் கூடுவோம். ரெம்பா டவுனிலிருந்து தோட்டத்து லயன் வீடுகளுக்குப் போகும் சின்ன ரயில் அங்கே நிற்கும். எங்களோடு படிக்கும் வள்ளிநாயகி அக்கா தண்டவாளத்தில் காதை வைத்து, வண்டி வருகிறதா என்று சொல்வார்.

போன மாதம் ஜப்பான்காரர்கள் தண்டவாளங்களைக் கழற்றி லோரியில் ஏற்றி, ரயில் பாதை போடச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். அதே லோரியில் அக்காவின் கணவர் முருகையாவையும் வேலைக்கென்று ஏற்றினார்கள். இப்போது சிலிப்பர் கட்டைகள்தான் கிடக்கின்றன. நாங்கள் நடந்து வீட்டுக்குப் போகிறோம். அக்கா மட்டும் தினமும் குனிந்து காது வைக்கிறார்.

இன்று நிமிர்ந்து சிரித்தார். "வண்டி வருது. அவரு ஏறிட்டாரு."

"தண்டவாளமே இல்லையேக்கா" என்றேன்.

"நீ ஒரு சந்தேகப் பிராணி. நீயே வச்சுக் கேளுலா."

தண்டவாளம் முன்பு இருந்த உயரத்தில் காதை வைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லையோ என்று மறுபடியும் வைத்தேன். காது சுட்டது. தடவிப் பார்த்தேன். விரலில் துரு.

அக்கா சேலையை உதறிக்கொண்டு எழுந்தார். "தள்ளி நில்லு தம்பி. வண்டி நிக்க வேணாமா?"

எல்லோரும் தள்ளி நின்றோம்.