பதினாறு துண்டு

"நாலு ஏக்கரைப் பதினாறு துண்டா வெட்டியிருக்கீங்களேம்மா, எப்படி மனசு வந்துச்சு?"

கேட்டிருக்கக் கூடாதுதான். ஆனால் அனுசியாவுக்குக் காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை.

அருப்புக்கோட்டை நகராட்சி எல்லையை ஒட்டி நிலமெல்லாம் எத்தனை துண்டாகியிருக்கிறது என்று அளக்கும் ஆய்வு. பந்தல்குடி ரோட்டில் போன இடமெல்லாம் பிளாட்டு, கலர்க் கொடி, வெள்ளையடித்த கல். இன்னும் ஒன்பது சர்வே நம்பர் பாக்கி. பேராசிரியர் நாலு தடவை போன் பண்ணிவிட்டார்.

களையெடுத்துக்கொண்டிருந்த மாரிக்கனி நிமிர்ந்தாள்.

"நான்தான் தாயி வெட்டுனேன். பத்திர ஆபீஸுக்கு நடையா நடந்துல்ல வெட்டுனேன்!"

கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. அனுசியாவுக்குச் சுருக்கென்றது.

"சென்ட்டுக் கணக்குல வித்தா ரேட்டு கூடன்னுதானே?"

"கூடத்தான் செய்யுமாம். புரோக்கர் சொன்னாரு."

"பாதைகூட விடலையே. அதையும் மிச்சம் பிடிச்சிட்டீங்களா?"

மாரிக்கனி சிரித்தாள். மறுபடி குனிந்து களையைக் கொத்தினாள்.

அனுசியா ஜி.பி.எஸ். கருவியைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று சோளக்காட்டுக்குள் இறங்கினாள். திரையில் பதினாறு துண்டின் எல்லையும் கோடு கோடாக ஓடியது. காலடியில் ஒரு கல் இல்லை, ஒரு வரப்பு இல்லை. இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரைக்கும் ஒரே சோளம்.

திரும்பி வந்தாள்.

"எல்லைக் கல் எங்கம்மா?"

"நடவே இல்லையே. எல்லாரும் சேர்ந்துதான் வெதைக்கிறோம்."

"எல்லாரும்னா?"

"கொழுந்தன் மக்க, நாத்தனா மக்க, என்கூடக் களையெடுக்க வாரவுக ரெண்டு பேரு... ஆளுக்கு இருபத்தஞ்சு சென்ட்டு. தானமா எழுதிக் கொடுத்துட்டேன். எனக்கும் அம்புட்டுத்தான்."

"சும்மாவா கொடுத்தீங்க?"

மறுபடியும் போன் அடித்தது. அனுசியா எடுக்கவில்லை.

"போன வருசம் பிளாட்டு போடுறவுக மொத்தத்தையும் கேட்டு அட்வான்ஸோட வந்தாக. ஆசை யாரை விட்டுச்சு? பேனாவக் கையில வாங்கிட்டேன் தாயி. எப்படியோ நாளைக்குப் பாப்போம்னு அனுப்பிட்டேன். ஆனா அன்னையிலேருந்து என்னைய எனக்கே நம்ப முடியல."

களைக்கொத்தியை மண்ணில் ஊன்றிக்கொண்டு எழுந்தாள்.

"பாதை இல்லாத துண்டைத் தனியா எவன் வாங்குவான்? மொத்தமாத்தான் வாங்கணும். அதுக்குப் பதினாறு பேருக்கும் ஒரே நாள்ல புத்தி கெடணும்ல!"