கூழாங்கல் ஓட்டு

பானையைக் கவிழ்த்ததும் ஏகப்பன் செட்டியாருக்கு முகம் சிவந்துவிட்டது. மேசை முழுக்கக் கூழாங்கல். மருந்துக்குக்கூட ஒரு புளியங்கொட்டை இல்லை.

எதிரே நின்ற மேஸ்திரி பொன்னழகு குனிந்து கற்களைப் புரட்டிப் பார்த்தார்.

காரைக்குடியில் செட்டியாருக்குக் கடலை மில். பருப்பு பொறுக்க இருபத்திரண்டு பெண்கள். அவர்களுக்கு மேஸ்திரி பொன்னழகு; கணக்கெழுத ஒரு கணக்கப்பிள்ளை. போன வாரம் மெட்ராஸில் மில்காரர்கள் கூட்டத்துக்குப் போய்வந்ததிலிருந்து செட்டியாருக்கு ஒரே நினைப்பு.

“கடலையை மட்டும் நிறுத்தாப் போதாதாம்ப்பா. ஆளுங்க மனசையும் நிறுத்துப் பார்க்கணுமாம்!”

பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. அதனால் பானை வைத்தார். மேஸ்திரியிடம் வேலை செய்வது சந்தோஷம் என்றால் புளியங்கொட்டை, இல்லையென்றால் கூழாங்கல். யார் எதைப் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது.

“ஏம்ப்பா, ஒருத்திக்குக்கூடவா உன்னைப் பிடிக்கலை? அப்படி என்னதான் செஞ்சே?”

“ஒண்ணும் செய்யலைங்க முதலாளி...”

“இந்த லட்சணத்துல உன்னைக் கண்டனூர்ப் புது மில்லுக்கு மேனேஜராப் போடலாம்னு இருந்தேன். நல்லவேளை! அதுக்கு வேற ஆள் பார்த்துக்கிறேன். நீ இங்குட்டே கெட.”

பொன்னழகு வெளியே வந்தார். மேனேஜர் வேலை கைநழுவியதுகூட அவருக்கு உறைக்கவில்லை. பதினோரு வருஷம்! கைப்பிள்ளைக்காரிகளுக்கு வேப்பமரத்தில் தொட்டில் கட்டிக் கொடுத்தது அவர்தான். அவர்களில் ஆயி என்பவளின் மகனுக்கு வலிப்பு வந்தபோது சைக்கிளில் வைத்து ஆஸ்பத்திரிக்கு மிதித்ததும் அவர்தான். ஒருத்தியை ‘வாடி’ என்று கூப்பிட்டிருப்பாரா?

நேராகக் களத்துக்குப் போனார். இருபத்திரண்டு முறமும் சட்டென்று நின்றன. எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

“இங்க பாருங்கத்தா, நான் என்ன தப்புச் செஞ்சேன்னு ஒருத்தியாவது சொல்லிருங்க. இல்லாட்டி நாளையிலேருந்து நான் வரலை.”

சொல்லும்போதே குரல் உடைந்தது.

சின்னத்தாயி மட்டும் எழுந்து வந்தாள். அவளுக்கு எப்போதும் வாய் கொஞ்சம் நீளம்.

“அதைப் பெறகு பேசுவோம்ணே. முதலாளி என்ன சொன்னாக? அதைச் சொல்லுங்க.”

“என்னத்தைச் சொல்வாக? கண்டனூர் மில்லுக்கு வேற ஆளாம். நான் இங்கேயே கெடக்கணுமாம்.”

சொல்லி வாய் மூடவில்லை, ஆயி குலவை போட்டாள். பக்கத்திலிருந்த அழகியும் சேர்ந்துகொண்டாள். அப்புறம் களமே அதிர்ந்தது. ஒருத்தி கைதட்டிய வேகத்தில் மடியிலிருந்த பருப்பெல்லாம் மண்ணில் சிதறியது.

பொன்னழகுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

“ஏத்தா, என் மானமே போயிருச்சு. உங்களுக்குக் குலவை கேக்குதா?”

சின்னத்தாயி சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

“கோவிச்சுக்கிறாதீகண்ணே. நாங்க சந்தோஷமா இருக்கோம்னு தெரிஞ்சா உங்களைக் கண்டனூருக்குத் தூக்கிக்கிட்டுப் போயிருவாகன்னு கணக்கப்பிள்ளை சொன்னாரு; அதான் ஒருத்தி பாக்கியில்லாமக் கல்லைப் போட்டோம்!”