காது மெஷினுக்கு ஒரு கட்டை

மூடியைத் திறந்ததும் உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தது.

உப்பு மாதிரி. உப்பு இல்லை.

அவள் விரலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அப்பாவின் காது மெஷின். சட்டைப் பையில் வைக்கிற சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். ஆறு மாதமாக அப்பா அதைச் சும்மா மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"ரிப்பேர்னு அன்னைக்கே சொன்னேன்ல," என்றாள் மதினி ரேணுகா.

ரிப்பேர் இல்லை. செத்த பேட்டரிக் கட்டை உள்ளேயே கிடந்து கசிந்திருக்கிறது. சுவர்க் கடிகாரத்தில் ஓடி முடிந்த கட்டையை எடுத்து இதில் போட்டிருக்கிறார்கள். இதில் இருந்த புதியது கடிகாரத்துக்குப் போயிருக்கிறது. மதினியே போனில் சிரித்துக்கொண்டு சொன்னதுதான். கடிகாரம் நின்னாத்தான் பொழப்பு கெடும், மாமாவுக்கு என்ன.

நாளை பத்தரை மணிக்குப் பத்திர ஆபீஸ்.

வீடு மொத்தமும் அண்ணன் வேல்ராஜ் பேருக்கு. மனசாரத்தான் எழுதிக் கொடுக்கிறீங்களா என்று அதிகாரி கேட்பார்.

அப்பா தலையாட்டுவார்.

காது போனதிலிருந்து அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறார். திரும்பக் கேட்டு யாரையும் சலிக்க வைக்கக் கூடாது என்று. சாப்பிட்டாச்சா என்றால் ஆட்டுவார். உயிரோடத்தான் இருக்கீரா, போயாச்சா என்று அண்ணன் ஒருநாள் கேட்டுப் பார்த்தான். அதற்கும் ஆட்டினார்.

வீட்டு வரிக்கு ஏதோ கையெழுத்து என்று அவரை நம்ப வைத்திருக்கிறார்கள். அப்படி இல்லை என்று அவள் எழுதிக் காட்டினாள். அவர் கண்ணில் புரை. காதுக்குள் கத்திப் பார்த்தாள்.

தலையாட்டினார்.

அவள் தினத்தாளை விரித்தாள். வலது கையில் பிளாஸ்டிக் பையை உறை மாதிரி மாட்டி மணிக்கட்டில் முடிந்தாள். செத்த கட்டையைப் பையோடு பிடித்து எடுத்தாள். அதைத் தனியாகத் தாளில் சுற்றி ஓரமாக வைத்தாள்.

"என்ன, ஆபரேஷனா?" அண்ணன் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான்.

மதினி தலையிலிருந்து ஊக்கை உருவி நீட்டினாள். "இந்தா. சொரண்டிப் போடு."

சுரண்டினால் தகடு போய்விடும். தூள் கண்ணில் தெறிக்கும். அவள் பஞ்சுக் குச்சியை எலுமிச்சைச் சாற்றில் நனைத்தாள். வெள்ளை மேல் வைத்தாள்.

மெல்ல நுரைத்தது.

எலுமிச்சைதானா, சமையல் சோடாவா? மறுபடி யோசித்தாள். இது அல்கலைன் கட்டை, கசிந்தது காரம். காரத்துக்குப் புளிப்பு. எலுமிச்சைதான். கண் அரித்தது. தேய்க்கவில்லை. புறங்கையால்கூடத் தேய்க்கவில்லை.

மூன்று குச்சிகள். நான்காவது குச்சி சுத்தமாக வந்தது. ஐந்தாவதைத் தண்ணீரில் தொட்டுத் துடைத்தாள். ஆறாவது ஈரம் ஒற்ற. ஸ்பிரிங்கில் பச்சை ஒரு புள்ளி மிச்சம் இருந்தது. அது போகவில்லை.

அது ஒன்றே போதுமோ, கெடுக்க.

காய வைத்தாள். அரைமணி நேரம். யாரும் அவளுக்குக் காப்பி கொடுக்கவில்லை.

மதினி டிவி மேசை டிராயரை இழுத்தாள். சாவி, திருகாணி, ஹேர்பின், அவற்றோடு பத்துப் பதினைந்து கட்டைகள் உருண்டன. எது புதுசு, எது பழசு, யாருக்கும் தெரியாது. சிலவற்றில் பல் பதிந்த தடம்.

"இதுல ஒண்ணு போடேன். வெயில்ல வச்சா ஏறும்."

"கடிச்சுப் போட்டா இன்னும் ஏறும்," என்றான் அண்ணன்.

அவள் கைப்பையிலிருந்து புதுக் கட்டை இருந்த அட்டையை எடுத்தாள். பஸ் ஸ்டாண்டு கடையில் அல்கலைன் என்று கேட்டு, தேதியைப் படித்து, மறுபடி படித்து வாங்கியது. கட்டையின் கூட்டல் குறியை மூடியில் இருந்த குறியோடு பொருத்தினாள். எடுத்தாள். திரும்பப் பார்த்தாள். பொருத்தினாள்.

காதில் வைக்கிற குமிழ் அப்பாவின் காதுக்கு அளந்து செய்தது. அவள் காதில் நிற்கவில்லை. அழுத்திப் பிடித்தபோது ஏதோ இரைந்தது. மின்விசிறியாகவும் இருக்கலாம்.

அப்பாவிடம் கொண்டுபோனாள். பெட்டியை அவர் சட்டைப் பையில் வைத்தாள். குமிழைக் காதில் பொருத்தினாள்.

அண்ணன் முந்திக்கொண்டான். குனிந்து, அப்பாவின் முகத்துக்கு நேராக.

"எப்பா, கேக்குதா?"

அப்பா தலையாட்டினார்.

மதினி சிரித்தாள். அண்ணனும்.

"கேக்கலைன்னு அர்த்தம்," என்றான். "கையெழுத்துப் போடுறதுக்கு எதுக்குடீ காது? பெருவிரல் போதும்."

அவள் தினத்தாளை மடித்தாள். எந்த இடத்தில் தவறினாள்? பச்சைப் புள்ளியா. அரைமணி போதவில்லையா. வாங்கியதே தப்பா.

மதினி நாற்காலியை இழுத்து அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தாள். குரலைத் தாழ்த்தவில்லை. எதற்குத் தாழ்த்த வேண்டும்?

"திங்கக்கிழமைக்கு வேன் சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு. முதியோர் இல்லத்துல ரெண்டு வேட்டி போதும்னுட்டாங்க."

"கட்டில்?"

"அது எதுக்கு? வித்துரலாம்."

அப்பா எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றுமில்லை.

அவருடைய கை மட்டும் மெல்ல எழுந்து சட்டைப் பைக்குள் போனது. மெல்லிய துணி. பெருவிரல் நகர்வது அவளுக்குத் தெரிந்தது. சத்தம் கூட்டுகிற சிறு பல்சக்கரத்தைத் தேடியது.

ஒரு பல் கூட்டியது.

இன்னொன்று.